எதிராளி வழக்கை முதலில் சொன்னவருக்கு

துணி உலர்த்தும் கொடிக்கம்பி துருப்பிடித்து அறுந்துவிட்டது. மணவாள நகர் கடைத்தெருவில் புதுக்கம்பி வாங்கிவந்து காகிதத்தைப் பிரித்தேன். விரலில் சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பு ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். கருகிய சோப்பு வாசனை. கம்பி இழுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர்களைத் தவிர வேறு யாரும் அந்த வாசனையைப் பொருட்படுத்த மாட்டார்கள். கம்பி, அதை மெலிதாக்கும் அச்சின் துளைக்குள் நுழைவதற்கு முன் சோப்புத்தூளில் புரண்டு போகும், உள்ளே போனதும் சூட்டில் தூள் கருகும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது நீங்கள்தான். கையைக் கழுவ மனம் வரவில்லை. நீங்கள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

போனவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தபால்காரர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்? ஆனாலும் எழுதுகிறேன். காரணம் உங்கள் போஸ்டர். பொன்னேரியிலிருந்து உங்கள் குப்பத்துக்கு வரும் வழியெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். உங்கள் படத்துக்குக் கீழே ‘பண்பாளர்’ என்று போட்டிருந்தது. பக்கத்துச் சுவரில் இன்னொருவருக்கு அஞ்சலி, அவரும் பண்பாளர்தான். அச்சகத்தில் அந்த ஒரு சொல்லைத் தயாராக வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. எனக்கு இது ஒரு கெட்ட பழக்கம், உங்களுக்குத் தெரியும். யாராவது ஒருவரை ஒரு சொல்லால் பாராட்டினால், கத்தரிக்காய் வாங்கும்போது திருப்பிப் பார்ப்பதைப் போல அதைத் திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் பின்பக்கம் சொத்தை இருக்கும்.

அந்தப் பழக்கம் ஸ்பானிய மொழி படித்ததால் வந்தது. அறுபதுகளின் கடைசியில் மெட்ராஸில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டெனோ. ஸ்பெயினிலிருந்து வரும் கடிதங்களைப் படிக்க அங்கே ஆளில்லை. ஒரு கான்வென்டில் அந்த நாட்டு மதர் ஒருவர் மாலை வேளைகளில் பாடம் நடத்துகிறார் என்று தெரிந்து கம்பெனியே என்னை அனுப்பியது. கோயில் கைங்கர்யம் செய்கிற வீட்டுப் பெண், தோல் கம்பெனியில் வேலை, கன்னியாஸ்திரீயிடம் பாடம். திருவள்ளூரில் எங்கள் தெரு என்ன பேசியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. மடைப்பள்ளியிலிருந்து வந்த அப்பா, “பாஷைதானே, அதுல என்னடி தீட்டு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மதர் குணச்சொற்களைத் தனித்தனியாகச் சொல்லித் தரமாட்டார். ஒவ்வொரு நல்ல சொல்லுக்கும் பக்கத்து வீட்டில் ஒரு கெட்ட சொல் குடியிருக்கிறது, கதவைத் தட்டும்போது எந்த வீடு என்று பார்த்துத் தட்டு என்பார்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அந்த ஆலையில் ஸ்பெயின் இயந்திரங்கள் வந்து இறங்கியபோது, அந்த மொழி தெரிந்த ஸ்டெனோ வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தார்கள். திருவள்ளூரில் பாசஞ்சர் ஏறி, வேப்பம்பட்டு ஜனங்களின் நெரிசலில் நசுங்கி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி வருவேன். நீங்கள் பொன்னேரியில் ஏறுவீர்கள். ஸ்டேஷனிலிருந்து ஆலைக்கு நடக்கும் வழியில்தான் நம் பேச்செல்லாம். நமக்குள் வயது வித்தியாசமும் பெரிதாக இல்லை. நீங்கள் பழவேற்காடு ஏரியில் வலை போடுகிற வீட்டில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, ஃபிட்டராகி, தொழிலாளர் சங்கத்துக்குச் செகரெட்டரியும் ஆகியிருந்தீர்கள். நான் ஆபீஸ்காரி. சங்கத்து ஆளோடு சேர்ந்து நடக்கிறாள் என்று மேனேஜர் ஒருமுறை சாடையாகக் கேட்டார். ரோடு ஒன்றுதானே இருக்கிறது சார் என்றேன்.

நீங்கள் என்னிடம் முதன்முதலில் கேட்டது இயந்திரத்தில் பதித்திருந்த சிவப்புத் தகட்டைப் பற்றி. “இதுல இன்னாம்மா எழுதிக்கீது? நல்லதா, கெட்டதா?” என்றீர்கள். ஓடும்போது கை வைக்காதே என்று எழுதியிருக்கிறது என்றேன். மறுநாள் பார்த்தால் தகட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் தமிழ் எழுத்து. ‘தயவுசெய்து’ என்று ஒரு சொல்லை நீங்களாகவே சேர்த்திருந்தீர்கள். ஸ்பானியத்தில் அது இல்லையே என்றேன். “இல்லாம இருந்தா இன்னா, நம்ம பசங்க அதட்டினா கேக்கமாட்டானுங்க” என்றீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேலையை நான் பார்க்கிறேனா நீங்கள் பார்க்கிறீர்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான்.

இயந்திரத்தோடு வந்த ஸ்பெயின் இன்ஜினியர் பில்பாவோ பக்கத்துக்காரர். நான் அவரை ‘சினியோர்’ என்று மரியாதையாகக் கூப்பிடுவதைக் கேட்டு ஆலை முழுக்க அவர் ‘சீனியர்’ ஆகிவிட்டார். கோபக்காரர், ஆனால் கள்ளம் இல்லாதவர். அவர் கொண்டுவந்த இயந்திரத்தை ஒரே ஆள் ஓட்டவேண்டும் என்பது ஒப்பந்தம். நம் பழைய இயந்திரங்களில் இரண்டு பேர் நிற்பார்கள். இங்கே கிடைத்த கம்பிச் சுருள்களில் நடுநடுவே ஒட்டு இருக்கும். இழுக்கும்போது ஒட்டு விட்டால் அறுந்த முனை சாட்டை மாதிரி சுழலும். அப்படி ஒருநாள் அறுந்து ஒரு பையனின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. அவனோடு வேலை பார்த்த நாலு பேர் யாரையும் கேட்காமல் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார்கள். ஓட்டத்தின் நடுவே நின்றதில் உள்ளே கம்பி சிக்கி அச்சுகள் உடைந்தன. மேனேஜர் நாலு பேரையும் அன்று மாலையே சஸ்பெண்ட் செய்தார். அந்த நாலு பேரில் ஒருவன்தான் தேசிங்கு. கல்யாணம் ஆன புதிது அவனுக்கு.

புது இயந்திரத்துக்கும் இரண்டாவது ஆள் வேண்டும் என்று சங்கம் கேட்டது. பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்ததும் மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது ஆளுக்கு ஸ்பெயின்காரர்கள் சம்மதித்தால் இயந்திரம் ஓடும், நாலு பேரும் உள்ளே வரலாம். சம்மதிக்காவிட்டால் நாலு பேருக்கும் கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன் என்றார். சங்கத்துக்காரர்கள் கேட்டில் நின்று கோஷம் போட்டார்கள். நீங்கள் மட்டும் என்னிடம் வந்து, சீனியரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் எப்போது ஊருக்குப் போகவேண்டும், வீட்டில் யார் யார், இயந்திரம் ஓடாவிட்டால் அவருக்கு என்ன ஆகும்? பெண் பார்க்கப் போகிற மாதிரி இவ்வளவு விசாரணை எதற்கு என்று கிண்டல் செய்தேன்.

அப்போதுதான் உங்கள் குப்பத்து வழக்கத்தைச் சொன்னீர்கள். ஏரியில் வலை போடும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வீர்கள், அதற்குப் பாடு என்று பெயர். என் முறையில் நீ வலை போட்டாய் என்று சண்டை வந்தால் ஊர் கூடும். புகார் கொண்டுவந்தவன் தன் வழக்கை உடனே பேசமுடியாது. எதிராளியின் வழக்கை அவன்தான் முதலில் எடுத்துச் சொல்லவேண்டும். எதிராளி ‘ஆமா, அப்டித்தான்’ என்று ஒத்துக்கொண்ட பிறகே இவன் தன் பக்கத்தைத் தொடங்கலாம். ‘இல்ல, இத்த வுட்டுட்ட’ என்றால் அதையும் சேர்த்துத் திரும்பச் சொல்லவேண்டும்.

“பாதி வழக்கு அங்கியே தீந்துபூடும்மா. அவன் கஷ்டத்த நம்ம வாயால சொல்லும்போது நமக்கே கோவம் கொறைஞ்சிடும்” என்றீர்கள்.

“எல்லா வழக்கும் தீருமா?”

“தீராது. ஆனா ரெண்டு பேரும் ஒரே சண்டையத்தான் போட்டுக்கினு கீறோம்னு தெரிஞ்சிடும்.”

மறுநாள் மேனேஜர் அறையில் நீங்கள் அதையேதான் செய்தீர்கள். மேஜையின் அந்தப் பக்கம் மேனேஜரும் சினியோரும், இந்தப் பக்கம் நீங்களும் சங்கத்தின் இன்னொரு ஆளும், நடுவில் நான். ஜன்னலுக்கு வெளியே சஸ்பெண்ட் ஆன நாலு பேரும் மற்றவர்களும் காது கொடுத்து நின்றார்கள். கேட்டில் நின்றவர்களை உள்ளே விடவேண்டும் என்று கேட்டு வாங்கியதே நீங்கள்தான்.

“மொதல்ல சீனியர் பக்கத்த நானே சொல்லிடறேன். அம்மா, நீங்க அவுரு பாஷையில சொல்லிக்கினே வாங்க. தப்பா இருந்தா அவுரே திருத்தட்டும்” என்று தொடங்கினீர்கள். “மெஷினு அவுங்க ஊர்ல ஒரு ஆள வெச்சித்தான் ஓடுது. அது பொய்யில்ல. இங்க ரெண்டு ஆளு வோணும்னா, அவுரு கொண்டாந்த மெஷினே சரியில்லன்னு ஆயிடும். அந்தப் பேரு அவுரு தலையிலதான் விழும். ஊட்ல சம்சாரம் முழுகாம கீறாங்க. மெஷினு ஓடுதுன்னு கையெழுத்து வாங்காம அவுரு ஊருக்குப் போவமுடியாது. பசங்க மெயின இழுத்ததுல அச்சு பூடுச்சி, அது இங்க கெடைக்காத சாமான். அவுருக்குக் கோவம் வந்தது ஞாயந்தான்.”

நான் சொல்லி முடித்தேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ காறித் துப்பினார்கள். தேசிங்குவின் குரல் உரக்கக் கேட்டது. “நாங்க வெளிய நின்னுகினு கீறோம். நம்ம செகரெட்டரி அவுரு பொண்டாட்டி புள்ளையப் பத்திப் பேசிக்கினு கீறாரு. வாங்கடா போலாம்.” செருப்புச் சத்தம் கேட்டைத் தாண்டி டீக்கடைப் பக்கம் போனது. வயல்காட்டு ஊர்களிலிருந்து வந்த பையன்கள். அவர்கள் ஊரில் எதிராளி வழக்கை எதிராளிதான் சொல்வான். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். எழுந்து போய்க் கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். போகவில்லை. உங்கள் ஊரில் வழக்கு நடுவில் எழுந்துபோவது எதிராளியை அவமதிப்பது என்று பிற்பாடு சொன்னீர்கள்.

சினியோர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “அவர் ஒன்றை விட்டுவிட்டார்” என்றார். அச்சைப் பற்றி இன்னும் ஏதோ புகார் வரப்போகிறது என்று நினைத்தேன். “அந்தப் பையனின் முகம் கிழிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதையும் என் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்” என்றார்.

நீங்கள் சேர்த்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி சொன்னீர்கள், ஒரு வரி விடாமல். சினியோர் தலையசைத்து “ஸீ” என்றார். ஆமாம் என்கிறார் என்றேன். அதன் பிறகுதான் உங்கள் பக்கத்துக்கு வந்தீர்கள். அது சின்னதாக இருந்தது. இயந்திரத்துக்கு ஒரு ஆள்தான், ஒப்பந்தம் அப்படியே இருக்கட்டும். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும், ஒட்டு வருவதைப் பார்த்துக் குரல் கொடுக்க. அவன் கம்பிக் கிடங்கைச் சேர்ந்தவன், இயந்திரத்தைச் சேர்ந்தவன் இல்லை. “மெஷினு தோக்கல, கம்பிதான் ஒட்டுக்கம்பி” என்றீர்கள். சினியோர் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை.

ஆனால் சினியோர் தாமே முடிவு சொல்லமுடியாது. பில்பாவோவிலிருந்த அவர் கம்பெனிக்குத் தந்தி போன்ற டெலக்ஸ் அனுப்பிச் சம்மதம் வாங்கவேண்டும். நீங்கள் போன பிறகு என்னை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். விஷயம் நாலு வரியில் முடிந்தது. கடைசி வரியில் நின்றுவிட்டார். இன்றைக்கு இரண்டாவது ஆள் கேட்டவர் நாளைக்கு மூன்றாவது ஆள் கேட்கமாட்டார் என்று என்ன நிச்சயம்? பில்பாவோவில் முதலில் கேட்கப்போவது அதைத்தான். ஆகவே எதிர்ப்பக்கத்து மனிதர் எப்படிப்பட்டவர் என்று சொல்லியாகவேண்டும். டெலக்ஸில் கதை எழுதமுடியாது. ஒரு சொல்தான் போகும். அந்தச் சொல்லின்மேல்தான் நாலு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன.

மேனேஜர் வெளியே போகும்போது இங்கிலீஷில், “வெரி டிப்ளொமேட்டிக் ஃபெல்லோ” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சினியோர் அதையே பிடித்துக்கொண்டு ‘டிப்ளொமாத்திகோ’ என்று எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. அந்தச் சொல் முகத்துக்கு நேரே இனிக்கும். ஆனால் எங்கோ உட்கார்ந்து படிப்பவர், வாயில் ஒன்று மனசில் ஒன்று வைத்திருப்பவன் என்று எடுத்துக்கொள்ளமாட்டாரா என்றேன். அவர் யோசித்தார். “எங்கள் டைரக்டர் கட்டாயம் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்” என்றார்.

அடுத்து ‘கொன்சிலியாதோர்’ என்றார். இணக்கமாகப் போகிறவர், சமாதானத்தை நாடுகிறவர். நல்ல சொல்தான். ஆனால் இணங்கிப் போகிறவர் என்றால் இன்னும் கொஞ்சம் இணங்கட்டுமே, ஒரு ஆளோடு நிறுத்திக்கொள்ளட்டுமே என்று அல்லவா பதில் வரும்? அதையும் கைவிட்டார். ‘ஆபில்’, கெட்டிக்காரர். எதிர்ப்பக்கம் ஒரு கெட்டிக்காரன் இருக்கிறான் என்று கேட்டு எந்த டைரக்டருக்கு மனம் இளகும்? அவருக்கே எரிச்சல் வந்துவிட்டது. “எங்கள் ஊரில் இப்படிப்பட்டவனை ‘இடது கை உள்ளவன்’ என்போம், வலது கையால் கடிவாளத்தை இழுக்காமல் இடது கையால் மெல்லத் திருப்புகிறவன்” என்றார். எங்கள் பக்கத்தில் இடது கையைப் பற்றி இவ்வளவு உயர்வான அபிப்பிராயம் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

“உன் மொழியில் என்ன சொல்வாய்?” என்றார். இங்கிதம் தெரிந்தவர், நயமானவர், பக்குவமானவர் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அடுக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. இவையெல்லாம் நீங்கள் அன்று எப்படிப் பேசினீர்கள் என்பதைத்தான் சொல்லின. மறுநாள் காலையில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒன்றும் சொல்லவில்லை. பில்பாவோவுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

அப்போது மதர் சொல்லித் தந்த ஒரு சொல் வந்தது: ‘கபால்’. கான்வென்டில் அரிசி நிறுத்து வாங்கும்போது முள் நேராக நின்றால் மதர் அப்படிச் சொல்வார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனிதனைச் சொன்னால் சொன்ன வாக்கில் நிற்கிறவன், முழு மனிதன். பேரம் பேசத் தெரிந்தவர் என்பதற்கு ‘நெகோசியாதோர்’ இருக்கட்டும், அதோடு இதைச் சேருங்கள் என்றேன். ‘நெகோசியாதோர் கபால்.’ சினியோர் இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். “இப்படி எழுதினால் நான் இவருக்கு ஜாமீன் நிற்கிற மாதிரி” என்றார். ஆமாம் என்றேன். “அவர் வாக்கு மீறினால் என் வேலை போகும்” என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். பேனாவை எடுத்துத் தாமே கையெழுத்துப் போட்டார்.

சம்மதம் வந்தது. நாலு பேரும் உள்ளே வந்தார்கள். சுருளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றார். மூன்றாவது ஆளை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் ஆட்களையும் கேட்கவிடவில்லை. கேட்கவிடாததுதான் உங்கள்மேல் இருந்த கோபத்துக்குக் கடைசி நெய்யை ஊற்றியது. அடுத்த சங்கத் தேர்தலில் உங்களைத் தோற்கடித்தார்கள். ‘துரை ஆளு’ என்று பெயர் வைத்தார்கள். தேசிங்குதான் அதிகமாகக் கத்தினான். ஜன்னலில் அவன் கேட்ட பாதிதான் ஆலை முழுக்கப் பரவியது. மீதிப் பாதி அறைக்குள் இருந்த நம்மோடு நின்றுவிட்டது. கூட வந்த சங்கத்து ஆளுக்கு அடுத்த செகரெட்டரியாகும் ஆசை. அவர் எதற்கு வாயைத் திறக்கிறார்?

எனக்குப் பொறுக்கவில்லை. டெலக்ஸில் என்ன போனது என்று நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். ஸ்டேஷன் ரோட்டில் நின்று தலையை ஆட்டினீர்கள்.

“வோணாம்மா. சீனியரு நமக்காக ஜாமீன் நின்னாருன்னு வெளிய தெரிஞ்சா மேனேஜரு சும்மா இருப்பாரா? சங்கத்துப் பக்கம் சாஞ்சிட்டாருன்னு அவுங்க கம்பெனிக்கு எழுதிப்போட்டுடுவாரு. பாவம், புள்ளகுட்டிக்காரரு. பேஜாராயிடும்.”

“உங்க பேர் கெட்டுப்போறதே?”

“பசங்களுக்கு வேல கெடச்சிதா இல்லியா? அப்புறம் இன்னா?”

சண்டை பிடிக்கலாம் என்றால் நீங்கள் இடம் கொடுத்தால்தானே? பேச்சை மாற்ற, இடது கைக் கதையைச் சொன்னேன். சினியோர் ஊர்க் கணக்கில் நீங்கள் இடது கை உள்ள ஆள் என்றேன். ரோட்டிலேயே நின்று சிரித்தீர்கள். “பீச்சாங்கையையா அவ்ளோ ஒசத்தியா சொன்னாரு? நல்ல வேள, டெலக்ஸ்ல போடல” என்றீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு சினியோர் ஊருக்குப் போனார். குழந்தை பிறந்ததாகக் கடிதம் வந்தது. எனக்கும் மெட்ராஸில் வேறு வேலை கிடைத்தது. நீங்கள் வெறும் ஃபிட்டராக அதே ஆலையில் இருந்தீர்கள். தை அமாவாசைக்கு உங்கள் அப்பாவுக்குத் திதி கொடுக்கத் திருவள்ளூர்க் குளத்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போவீர்கள். ஆலையைப் பற்றிக் கேட்டால், “ஓடிக்கினு கீதும்மா” என்பதோடு சரி. தேசிங்கு எப்படி இருக்கிறான் என்று ஒருமுறை கேட்டேன். அவனுக்கு மூன்றாவது குழந்தை, வீடு கட்டுகிறான் என்று உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னீர்கள். உங்களோடு பேசுகிறானா என்று கேட்டதும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டீர்கள்.

காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபோது உங்கள் பக்கத்துக் குப்பங்களின் சார்பில் ஆபீசர்களிடம் பேசப் போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் முதலில் துறைமுகத்துக்காரர்கள் பக்கத்தைத்தான் சொல்லியிருப்பீர்கள். கூட வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் காரியத்துக்கு நான் வந்தேன். ஏரிக்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். உங்கள் மகள் என்னைக் கண்டுபிடித்து, “அப்பா சொல்ற டைப்பிஸ்ட் அம்மா நீங்கதானா?” என்று நாற்காலி போட்டாள். பக்கத்து நாற்காலியில் வெள்ளைத் தாடியோடு ஒருவர். பேச்சு கொடுத்தபோது தேசிங்கு என்று தெரிந்தது. அவனுக்கும் வயதாகிவிட்டது. ‘அவர்’ என்று எழுதவேண்டும், ஆனால் எனக்கு அவன் இன்னும் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பையன்தான்.

“நல்ல மனுசன்மா. ஆனா வளைஞ்சி குடுத்துட்டாரு. அது ஒண்ணுதான் கொற” என்றான்.

சுருக்கென்றது. உங்கள் பந்தலில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் மீட்டுக் கொடுத்த வேலையில் ஆயுசு முழுக்க இருந்தவன் சொல்கிறான். எழுந்து நின்று கத்தியிருப்பேன். சினியோர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நீங்கள் என் வாயைக் கட்டிப்போட்டதற்கு இனிக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு பேச்சு வந்தது.

“நீ அப்போ சின்னப் பையன். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். பக்கத்துல நின்னு வேலை பார்த்தவன் மூஞ்சி கிழிஞ்சு ரத்தம் கொட்டறது. அவனைக் காப்பாத்த மெயினை இழுத்தே. அதுக்கு உன்னை வெளியே நிறுத்தினா. உனக்காகப் பேசப் போன ஆள் உன் பேரையே எடுக்காம அந்த துரையோட கஷ்டத்தைச் சொல்லிண்டிருக்கார். ஜன்னல் வழியா அதைக் கேட்டா யாருக்குத்தான் வயிறு எரியாது?”

தேசிங்கு என்னை நிமிர்ந்து பார்த்தான். “ஆமாம்மா” என்றான். “அப்டித்தாம்மா இருந்திச்சி.”

அவன் ஆமாம் என்ற பிறகுதான் உங்கள் பக்கத்தைச் சொன்னேன். உங்கள் குப்பத்து வழக்கம், செருப்புச் சத்தம் போன பிறகு அறைக்குள் நடந்தது, சுருளுக்குப் பக்கத்து ஆள் யார் யோசனை, டெலக்ஸில் போன சொல், ஸ்டேஷன் ரோட்டில் நீங்கள் வேண்டாம் என்றது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஸ்பானியச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். தராசு முள்ளைச் சொன்னேன்.

“நான் ரிட்டயர் ஆனன்னிக்கு எனக்கு மாலை எடுத்துக்கினு ஆலைக்கு வந்தாரும்மா, இங்கேர்ந்து அவ்ளோ தூரம் பஸ் ஏறி” என்றான். “எல்லார் முன்னாலயும் நான் வாங்கிக்கல.”

நீங்களாக இருந்தால் அந்த இடத்தில் அவன் கஷ்டத்தைச் சொல்லி அவனைத் தேற்றியிருப்பீர்கள். எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. அழுகை வந்தது, கோபமும் வந்தது. அந்த மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நின்ற நிலை கண்ணில் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அதை என்ன செய்திருப்பீர்கள்? மறு வருஷம் தை அமாவாசைக்கு வந்தபோது தேசிங்கு ரிட்டயர் ஆகிவிட்டான், நல்லபடியாக நடந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டு நிதானமாகக் காபி குடித்தீர்கள்.

“நீ அங்கே ரிட்டயர் ஆகிற வரைக்கும் இருந்தியோ இல்லையோ, அதைத்தாம்ப்பா அவர் அன்னிக்குக் கேட்டார்” என்றேன் தேசிங்குவிடம். அவன் எழுந்து போய் உங்கள் படத்துக்கு முன்னால் நின்றான். கையில் மாலை இல்லை. வெகுநேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

இப்போதும் யாரோடாவது எனக்கு வழக்கு என்றால் அவர்கள் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பால்காரரிடம்கூட. உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் என்னைப் பேசவிடாமல் உங்கள் பேரைக் கெடவிட்டீர்களே என்று உங்களோடு எனக்கு இருக்கிற வழக்கில் அது பலிக்கவில்லை. உங்கள் பக்கத்தை ஒரு வரி விடாமல் என்னால் சொல்லமுடிகிறது. சினியோருக்கு வேலை போயிருக்கும். பையன்களுக்கு மறுபடி தொல்லை வந்திருக்கும். பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது. எல்லாம் சரிதான். ஆமாம் என்று நீங்கள் சொன்ன பிறகு என் பக்கத்தைச் சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் சொல்லாமல் போய்விட்டீர்கள்.